ரோஸ் ரவிக்கை, மூன்று ஊக்கு

செந்தட்டி இலை பட்ட இடத்தில் அரிப்பும் தடிப்பும் சாதாரணமாக அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவினால் இன்னும் சீக்கிரம். நாங்கள் கூடலூரைத் தாண்டும்போது ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது, அடங்கவில்லை. பஞ்சமியின் இடது கண் முழுதாக மூடிவிட்டது. வலது கண் பாதி. கழுத்துக்கும் தாடைக்கும் நடுவில் இருந்த கோடு காணாமல் போயிருந்தது. மூச்சு விடும்போது, சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவள் தலை என் மடியில் இருந்ததால் பரீட்சை அட்டையை வேன் ஜன்னலில் சாய்த்துவைத்து எழுதிக்கொண்டு வந்தேன். 11.20, இடது கண். 11.26, மேல் உதடு. யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் என் வேலை.

எங்களுக்கு முன் வரிசையில் காஸ்ட்யூமர் அக்கம்மாள் அழுதுகொண்டே வந்தார். புது சோப்புத் தூளாகத்தான் இருக்கும், நான் ரெண்டு தரம் அலசியிருக்கணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பவானி அக்கா டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை திரும்பி, "சமீனா, மூச்சு வருதாடி?" என்றார். வருதுக்கா என்றேன். அது உண்மை. கம்பம் போய்ச் சேரும்வரை வந்துகொண்டுதான் இருந்தது.

ஹக்கீம் மாமா, எதையும் விடாமல் எழுது என்று சொன்னீர்கள். கோர்ட்டில் முப்பது வருடம் டைப் அடித்தவர் நீங்கள். ஏன் செய்தேன் என்பதை முதலில் எழுதாதே, என்ன செய்தேன் என்பதை எழுது, ஏன் என்பது தானாக வந்து நிற்கும் என்றீர்கள். எனக்கு அது கஷ்டமில்லை. பதினெட்டு நாளாக நான் வேறு எதையும் எழுதவில்லை. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னிக்கவும். அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

அம்மாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆறு வருடம், திங்கள் முதல் சனி வரை, எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது உங்களுக்கே தெரியும். டிவியில் மூத்த மருமகள் வருவாள். அவள் புருசன் வீட்டில் படாத பாடு கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை அவளை மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் அம்மா நோன்பு வைத்தாள். என்ன நோன்பு என்று அத்தா கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றாள். நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேதான் வளர்ந்தேன். அந்த மூத்த மருமகள்தான் பவானி. ஆண்டிபட்டிப் பக்கம், வைகை அணை ஊரில் பிறந்தவர். கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "மூத்த மருமக வந்திருக்காக" என்றுதான் சொல்வார்கள்.

அவர் நடிப்பை விட்டுவிட்டு டைரக்டராகி, நம்ம ஊரிலேயே படம் எடுக்க வந்தார். புருசன் செத்த பிறகு அவன் ஓட்டிய ஜீப்பைத் தானே எடுத்து ஓட்டுகிற ஒரு பொண்ணின் கதை. விடியக்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுகிற ஜீப். அதற்கு அத்தாவின் ஜீப்பைத்தான் வாடகைக்குப் பேசினார்கள். முதல் நாள் அத்தாவோடு சாவி கொடுக்கப் போனேன். ஒரு ஷாட் எடுத்தார்கள், டீ குடித்தார்கள், இன்னொரு ஷாட் எடுத்தார்கள். முதல் ஷாட்டில் கண்ணாடியில் 786 ஸ்டிக்கர் இருந்தது, ரெண்டாவதில் யாரோ பேப்பர் ஒட்டி மறைத்திருந்தார்கள். நான் அதைச் சொன்னேன். யூனிட்டில் இருந்த நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பவானி அக்கா எழுந்து வந்தார்.

"ஒம்பேரு என்ன?"

"சமீனா."

"என்ன படிக்கிற?"

"பிளஸ் டூ எழுதியிருக்கேன். ரிசல்ட் வரல."

"பரீட்ச அட்டை வச்சிருக்கியா?"

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. அந்த வேலைக்குக் கன்டினியூட்டி என்று பேர். சினிமாவை வரிசையாக எடுக்க மாட்டார்கள். வீட்டை விட்டு வெளியே வருவதை இன்றைக்கு எடுப்பார்கள், வீட்டுக்குள் இருப்பதை அடுத்த வாரம் எடுப்பார்கள். அதனால் எந்தக் கையில் தூக்குச்சட்டி, எத்தனை வளையல், ரவிக்கையில் எந்த ஊக்கு விட்டிருக்கிறது என்று ஒருத்தர் எழுதிவைக்க வேண்டும். அக்கா எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். "பிடிச்சத எழுதாத, பிடிக்காதத விடாத. என்ன இருக்கோ அத எழுது."

நான் அப்படியே செய்தேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மாமா. நான் வேலையில் ஒருநாளும் பொய் எழுதியதில்லை.

கதாநாயகி பஞ்சமி பழனிசெட்டிபட்டிக்காரி. அவளுடைய உண்மையான பேர் பஞ்சம்மாள், சினிமாவுக்காகச் சுருக்கியது. ரீல்ஸில் ஆடி மூன்று லட்சம் பேர் பின்தொடர்கிற பொண்ணு. நல்ல பொண்ணுதான். தனக்கு வந்த முட்டை பப்ஸில் பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுப்பாள், அதுவும் முட்டை இருக்கிற பாதியை. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நோட்டில் மட்டும் பஞ்சம்மாள் என்றே எழுதினேன், ஏனென்றால் அதுதான் அவள் பேர்.

தயாரிப்பாளர் முத்துராஜாவை உங்களுக்குத் தெரியும், கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருக்கிறவர். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே எண்ணம்தான். பவானி நடிக்க வேண்டும், டைரக்ஷனைத் தன் மச்சினன் சுருளிராஜன் பார்த்துக்கொள்ள வேண்டும். பவானி மூஞ்சிக்குத்தான் டிக்கெட் என்று எல்லாரிடமும் சொல்லுவார். அக்கா மாட்டேன் என்று ஒத்தக்காலில் நின்று, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பஞ்சமி நடிப்பாள். எந்தக் காரணத்தினாலாவது பஞ்சமி நடிக்க முடியாமல் போனால், படம் நிற்காமல் அக்காவே நடித்து முடிக்க வேண்டும்.

எட்டாம் நாள் மத்தியானம், புளியமரத்தடியில் தயிர்சாதம் சாப்பிடும்போது அக்கா என்னிடம் பேசினார். என்னிடம்தான் பேசினார், வேறு யாரும் இல்லை.

"ஆறு வருசமா எங்கன நிக்கணும், எப்ப அழுகணும்னு அடுத்தவுகதான் சொன்னாக. கிளிசரின் போட்டுப் போட்டுக் கண்ணே அவிஞ்சு போச்சுடி. இனிமே இது பாக்குறதுக்கு மட்டும்தான் கண்ணு. இந்த ஒரு படத்த நானே சொல்லி முடிச்சிட்டேன்னா போதும். முடிக்கலன்னு வையி, மறுபடியும் மருமகதான். மருமககூட இல்ல. இந்த வயசுக்கு மாமியா வேசம்."

நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் களைப்பாக இருக்கும்போது யாரும் இப்படிப் பேசுவார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அத்தாவும்கூட மாதம் ஒருமுறை ஜீப்பை விற்கப்போவதாகச் சொல்லுவார்.

ஒன்பதாம் நாள்தான் எல்லாம் முடிவானது. அன்றைக்கு எடுத்தது, அந்தப் பொண்ணு முதல்முறையாகப் புருசனின் ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கில் கை வைக்கிற இடம். தூரத்திலிருந்து, முதுகுப் பக்கமாக. வேறொன்றும் இல்லை, ஏறி உட்கார்ந்து கை வைக்க வேண்டும், அவ்வளவுதான். பஞ்சமி பதினான்கு தடவை கை வைத்தாள். பதினான்கு தடவையும் ஸ்கூட்டியில் வைப்பது மாதிரி வைத்தாள். அக்கா கோபப்படவில்லை. நான் காட்டுறேன், தள்ளு என்று சொல்லி அவரே ஏறி உட்கார்ந்தார்.

நான் மானிட்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். கேமராமேன் ஜோஷ்வா சார் கேமராவை நிறுத்தியிருக்கவில்லை.

அக்கா கையை வைக்கவேயில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் கை நின்றது. சூடாக இருக்குமோ என்று பார்ப்பது மாதிரி. அப்புறம் அந்தக் கையை எடுத்து முந்தானையில் துடைத்தார். அப்புறம் வைத்தார். துணை நடிகைகளாக வந்திருந்த நிஜமான ஏலத்தோட்டத்துப் பொம்பளைகள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் சத்தமில்லாமல் அழுதார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த எங்கம்மா சத்தம் போட்டே அழுதாள். அக்கா சட்டென்று இறங்கி, "பாத்தியா? இப்ப நீ செய்யி. என்னய மாதிரி செய்யாத" என்று பஞ்சமியிடம் சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஒரு பெரிய தப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட ஒரு ஆள் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் ஒருத்தி ஸ்கூட்டி ஓட்டுகிறாள். அன்றைக்குச் சாயங்காலம் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஒன்பது நாளில் எடுத்த நூற்றுப் பன்னிரண்டு ஷாட்டில் பஞ்சமியின் முகம் ஒன்றில்கூடச் சரியாகப் பதிவாகவில்லை. எல்லாம் தூரம், முதுகு, கை, ஓடுகிற ஜீப். அவள் அந்தப் பாத்திரத்துக்குள் வந்து சேரட்டும் என்று அக்கா குளோசப்புகளைக் கடைசிக்கு வைத்திருந்தார். முதுகுகூட ஒத்துப்போகும்; அக்கா இரண்டு விரல்கடை குட்டை, அவ்வளவுதான், செருப்பில் சரிசெய்துவிடலாம். இப்போது ஆள் மாறினால் படத்தில் எதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. அது யூனிட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் யாருக்கும் வலிக்காமல்தான் முயன்றேன். இதையும் எழுதிவிடுகிறேன். ஷாட்டுக்கு முன்னால் பஞ்சமி என்னிடம்தான் கேட்பாள், தூக்குச்சட்டி எந்தக் கையில் இருந்தது என்று. இடது என்று நோட்டில் இருக்கும், வலது என்று சொல்லுவேன். டேக் போகும்போது, "அக்கா, போன ஷாட்டுல இடது கை" என்று மெதுவாகச் சொல்லுவேன். கட் ஆகும். மூன்று நாளில் இருபத்தாறு தடவை அப்படி ஆனது. தனக்குத்தான் ஏதோ மறதி வந்துவிட்டது என்று பஞ்சமி நினைத்தாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள். வல்லாரை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கும் இரண்டு கொடுத்தாள், ஞாபகசக்திக்கு நல்லது என்று. ஒருநாள் மேக்கப் வேனுக்குப் பின்னால் நின்று, "சமீ, எனக்குக் கிறுக்குப் பிடிக்குதோடி?" என்றாள். அதெல்லாம் இல்லக்கா, வெயிலுதான் என்றேன். வெயில் உண்மையாகவே அதிகம்தான்.

அவளாகவே போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தினமும் அரை மணி நேரம் முன்னதாக வந்து பயிற்சி எடுத்தாள். நல்ல பொண்ணு என்று சொன்னேனே.

பதின்மூன்றாம் நாள் முதல் குளோசப் வைத்திருந்தார்கள். முகம் ஒருதரம் பதிவாகிவிட்டால் அப்புறம் ஆளை மாற்ற முடியாது. எனக்கு இருந்தது ஒரு காலைப்பொழுது. லோயர்கேம்ப் பக்கம் நாங்கள் எடுத்த இடத்தில், கால்வாய் ஓரம் வேலி முழுக்கச் செந்தட்டிதான். சின்ன வயதில் உங்கள் பையன் அஸ்லம் எத்தனை தரம் அதைப் பறித்து என் முதுகில் போட்டிருப்பான். நீங்கள் அவனை அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான்கு இலைதான் எடுத்தேன், கையில் ரொட்டி கவரை மாட்டிக்கொண்டு. அக்கம்மாள் டீ குடிக்கப் போனபோது ரோஸ் ரவிக்கையின் கழுத்துப்பட்டியில் உள்புறமாகத் தேய்த்தேன். முகத்தில் தேய்க்கவில்லை. கழுத்து சிவந்தால் குளோசப் எடுக்க மாட்டார்கள், இரண்டு நாள் தள்ளிப்போகும், முத்துராஜா வந்து கத்துவார், உடன்பாட்டை நினைவுபடுத்துவார், அக்கா ஜீப்பில் ஏறுவார். இவ்வளவுதான் என் கணக்கு. இதில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவது கிடையாது.

அப்புறம் வழக்கம்போல நோட்டை எடுத்து எழுதினேன்.

அடுத்ததாக ஒன்று இருக்கிறது, மாமா. அதை எழுதாமல் இரண்டு தரம் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். பஞ்சமிக்கு வீசிங் உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லாருடைய விவரத்தையும் நான்தான் கேட்டு எழுதினேன். தூசி ஆகாது, மூச்சிரைப்பு, இன்ஹேலர் எப்போதும் பச்சைப் பையில் என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பச்சைப் பை ஜீப்பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. முந்தின நாள் எடுத்த ஷாட்டில் அந்த இடத்தில் பை கிடையாது. கன்டினியூட்டி தப்பு. ஆகவே எடுத்தேன். எடுத்ததை எங்கேயாவது வைக்க வேண்டும். கூடலூருக்குச் சாப்பாடு எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த டெம்போவில் வைத்தேன்.

பக்கத்திலேயே ஒரு பாறை இருந்தது, அதன்மேல் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வைத்திருக்கலாம். டெம்போ கிளம்பிக்கொண்டிருந்தது, அதனால் வைத்தேன்.

மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மாஸ்க் வைத்தார்கள். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா சொல்ல ஆரம்பித்து, பஞ்சமியின் அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் பழனிசெட்டிபட்டியிலிருந்து அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். போகும்போது முகம் ஓரளவு வடிந்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் வேன்ல பேச்சுக் குடுத்துட்டே வரலேன்னா நான் அங்கனயே போயிருப்பேன்" என்றாள். நான் பேச்சுக் கொடுத்தது உண்மை. நேரத்தை எழுதுவதற்காக, இப்ப எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

பழி அக்கம்மாள் மேல் விழுந்தது. யாரும் சுமத்தக்கூட இல்லை, அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சோப்புத் தூள், சோப்புத் தூள் என்று முத்துராஜா முன்னால் கையைக் கூப்பி நின்றார். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான்தான் பஸ் ஸ்டாண்டுவரை அவருடைய பெட்டியைத் தூக்கிப் போனேன். இருபத்திரண்டு வருடமாக ரவிக்கைக்கு ஊக்கு வைக்கிற கை. பஸ் ஏறும்போது சொன்னார்: "பவானி ஆத்தா பாவம். என் அசட்டையால அது மறுபடியும் வேசங்கட்டணும்." பெட்டி கனமாக இருந்தது. எனக்குத் தோள் இரண்டு நாள் வலித்தது.

பஞ்சமியை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே முத்துராஜா வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் சட்டை புதுசு. "நான் அப்பவே சொன்னேன்ல மேடம். ஆண்டவனே பாத்து அனுப்புறான்." அக்கா ரோஸ் ரவிக்கையை எரித்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்று தைக்கச் சொன்னார். நான் செருப்புக்கு அடியில் ஒட்ட இரண்டு விரல்கடை ரப்பர் வாங்கி வந்திருந்தேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அளவு நோட்டில் இருக்குக்கா என்றேன்.

இனி ஒரு விஷயம் பாக்கி. அவர் ஜீப்பில் ஏறிவிட்டால் மானிட்டரை யார் பார்ப்பது? நான் இதை யோசிக்கவேயில்லை, மாமா. சத்தியமாக யோசித்ததாக ஞாபகம் இல்லை. அக்காதான் சொன்னார். "சமீனா, நீ உக்காரு. ஒனக்குத்தான் எல்லாம் தெரியும். ஆக்ஷன் சொல்லு, கட் சொல்லு. நான் செஞ்சது சரியா இருந்தா சரின்னு சொல்லு. எனக்காகச் சொல்லாத."

துணி நாற்காலி. முதுகில் அவர் பேர் எழுதியிருந்தது. உட்கார்ந்தால் கொஞ்சம் உள்வாங்கும். ஆக்ஷன் என்று சொன்னேன், ஜீப்வரைக்கும் கேட்கவில்லை, ஜோஷ்வா சார் சிரித்தார். மறுபடி சொன்னேன். ஜீப்பில் அக்கா ஏறினார். அன்றைக்குக் காட்டியது மாதிரியே, ஆனால் இப்போது முகத்தோடு, கேமரா இரண்டடியில். கையை எடுத்து முந்தானையில் துடைத்தபோது அந்த முகத்தில் நடந்ததை நான் எழுத முயன்றேன், முடியவில்லை. கட் என்றேன். ஜீப் நின்றது. பின்னால் இருந்த இருபது பொம்பளைகள் பேச்சை நிறுத்தினார்கள். ரோட்டில் வந்த கேரளா லாரியை ஒருத்தர் கை காட்டி நிறுத்திவைத்திருந்தார், டிரைவர் மலையாளத்தில் திட்டிக்கொண்டிருந்தான், அவனும் நிறுத்தினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிளஸ் டூ ரிசல்ட்கூட வரவில்லை எனக்கு.

இன்னொன்று போகலாம் என்றேன்.

அன்று பன்னிரண்டு டேக் போனது. அக்கா ஒருதரம்கூட எதிர்த்துக் கேட்கவில்லை. பன்னிரண்டாவதில் அவர் குரல் கம்மியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சரியாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். அம்மா வந்திருந்தாள். நாற்காலியில் என்னைப் பார்த்துவிட்டு, "என் வயித்துல பிறந்தது உக்காந்திருக்கு பாரு" என்று பக்கத்தில் இருந்த எல்லாரிடமும் சொன்னாள். மூத்த மருமகள் நடிப்பதைப் பார்க்கத்தான் வந்தாள், ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் அப்படிப் போனது. நல்ல நாட்கள். ஐந்தாம் நாள் முத்துராஜா இரண்டாவது காரோடு வந்தார். அதில் சுருளிராஜன். எடுத்தவரைக்கும் பார்த்தோம், மேடம் நடிப்பு பிரமாதம் என்றார் முத்துராஜா. ஆனால் ஒரே ஆள் முன்னாலயும் நின்று பின்னாலயும் பார்க்க முடியாது, ஒரு சின்னப் புள்ளையை உக்கார வைத்திருக்கிறீர்கள், போன வாரம் ஒரு பொண்ணு சாகப் பார்த்தது, ஷூட்டிங் ஸ்பாட் உங்கள் கையில் இல்லை. இனிமேல் டைரக்ஷனை மச்சினன் பார்ப்பான். போஸ்டரில் உங்கள் முகம் பெரிதாக வரும். இதையெல்லாம் மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா கேட்டார்: "ஸ்பாட் என் கையில இல்லேன்னு எழுத்துல குடுப்பீகளா?" கொடுத்தார். முன்பே தயாராக வைத்திருந்தார்.

சுருளிராஜன் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, பாப்பா ஒரு டீ சொல்லு என்றான். நான் சொன்னேன்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா என்னிடம் நோட்டைக் கேட்டார். புதுசாக வருகிறவனுக்கு விவரம் கொடுக்க வேண்டும், எடுத்தது எடுக்காதது எல்லாம் நோட்டில்தானே இருக்கிறது. நான் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. நோட்டு அவருடையது. மேக்கப் வேன் படியில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். நான் எதிரே நின்றேன். முப்பத்தெட்டாவது சீன் பக்கத்தில் விரல் நின்றது. அங்கே இப்படி இருக்கிறது:

*சீன் 38. காலை. பஞ்சம்மாள். ரோஸ் ரவிக்கை, மூன்று ஊக்கு, நடு ஊக்கு பித்தளை. கழுத்துப்பட்டி உள்புறம் செந்தட்டி, நான்கு இலை. கண்ணாடி வளையல், வலது 4, இடது 3. பச்சைப் பை அகற்றப்பட்டது.*

அக்கா அந்த வரியை மறுபடியும் படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "செந்தட்டிய எதுக்குடி எழுதுன?"

"ரவிக்கையில இருந்துச்சுக்கா. இருக்கிறத எழுதணும்னு சொன்னீக."

அக்கா சிரித்துவிட்டார். உண்மையாகவே சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் அதே கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜோஷ்வா சார் என்ன என்று எட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று சைகை காட்டினார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன அதே வரிசையில். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாததிலிருந்து ஆரம்பித்தேன். உங்களை மாதிரி ஒருத்தர் பின்னால உக்காரக் கூடாதுக்கா, உங்களுக்காகத்தான் செஞ்சேன், அந்த முகம் படத்துல வரணும்னுதான் செஞ்சேன், வேற எதுக்கும் இல்ல என்றேன். அதை இப்போதும் சொல்கிறேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எனக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது என்றார். நடந்ததை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஸ்பாட் கைமீறியது அவரால் இல்லை என்று முத்துராஜாவிடம் காட்டி நாற்காலியைத் திரும்பக் கேட்பார். அக்கம்மாளையும் கூப்பிட்டுக்கொள்வார். பஞ்சமி வீட்டில் என்ன செய்வார்கள், போலீசுக்குப் போவார்களா என்பது அவர்கள் பாடு, அதில் என்னைக் காப்பாற்ற மாட்டார். எழுதிக் கொடுக்காவிட்டால், அக்கம்மாள் சாகும்வரை சோப்புத் தூள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார், இவர் மாமியார் வேசத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான். நோட்டைக் காட்டினால் போதாதா என்று கேட்டேன். "அத நானே எழுதிக்கிட்டேம்பாக. நீ சொல்லணும்" என்றார்.

நாளைக் காலை பத்து மணிவரை நேரம் கொடுத்திருக்கிறார். அதனால்தான் மாமா, சாயங்காலம் உங்களுக்குப் போன் போட்டேன், அதனால்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுக்கலாமா வேண்டாமா என்று படித்துவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும். உண்மையில் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அக்கா நோட்டை மூடுகிறவரைக்கும்.

மூடவில்லை அவர். மூடப்போனவர் இன்னும் நாலு பக்கம் தள்ளிப் பார்த்தார். அவர் ஜீப்பில் ஏறிய அன்றைக்கான பக்கம். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். செந்தட்டியைப் படித்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது டேக்குக்கு நேரா டிக் போட்டிருக்க. வெளிச்சம் நன்று, சத்தம் நன்று, நடிப்பு மிக நன்றுன்னு எழுதியிருக்க. ஒங்கையெழுத்துதான?"

ஆமாம் என்றேன்.

"அப்பறம் பத்து டேக்கு எதுக்குடி கேட்ட?"

அவர் நோட்டை என் கையில் கொடுத்தார். அதையும் எழுதிக்கிட்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா, இதில் அந்த ஒரு இடம்தான் பாக்கி. வெளிச்சம் போய்விட்டது என்று எழுதினேன், நோட்டில் நன்று என்று இருக்கிறது, அடித்துவிட்டேன். லாரி சத்தம் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அக்கா இன்னும் நன்றாகச் செய்வார் என்று எதிர்பார்த்தேன் என்று எழுதிப் பார்த்தேன். மிக நன்று என்பதற்கு மேல் நான் எந்தப் பக்கத்திலும் எதுவும் எழுதியதில்லை. ரெண்டாவதே சரியாக இருந்தது. அது சரியாக இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. பின்னே ஏன் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை?